இருபத்தாறு முழக் கயிறு

இமயத்தில், பத்தாயிரம் அடிக்கு மேலே, ஒரு சிறிய மடம் இருந்தது. மடத்துக்கும் கீழே உள்ள ஊருக்கும் நடுவில் ஒரு பனிச்சரிவு. முந்நூறு அடி அகலம்தான். ஆனால் வேறு வழி கிடையாது.

அந்தக் குளிர்காலத்துக்கு மூன்று பேர் தங்கியிருந்தார்கள். திருமேனி சாமி, சமையல் பார்த்த நாச்சிமுத்து, சங்கரன்கோவில் பக்கம் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு வந்த மாசிலாமணி. மூவரில் சாமிதான் வயதில் சின்னவர். முன்பு மலையேறும் குழுக்களுக்குச் சுமை தூக்கியவர். சீடர்களிடம் வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

சரிவைக் கடக்கிறவர் இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டுவது மடத்து வழக்கம். சாமி தன் கையால் முடிச்சுப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவார். கயிற்றின் மீதி பனியில் வால்போல இழுபட்டுக்கொண்டு போகும். ஏழு வருஷத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மார்கழியில் மூன்று நாள் விடாமல் பனி பெய்தது. நான்காம் நாள் வெயில் அடித்தது. ஊரில் மாட்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்து அன்று விடியுமுன்னே சரிவைக் கடந்து, அரை மூட்டை கோதுமை மாவோடு வந்து சேர்ந்தார்.

"உங்க மக வந்திருக்குதுங்க கண்டக்டரே. சத்திரத்துல தங்கியிருக்குது."

மாசிலாமணி எழுந்து நின்றார். மனைவி இறந்த முப்பதாம் நாள், மகளிடம் சொல்லாமல் வீட்டை விட்டு வந்தவர் அவர். மூன்று வருஷமாகிறது.

"செண்பகமா? தனியாவா?"

"தனியாத்தானுங்க. கோவமாத்தான் இருக்குது. நாளைக்குப் பத்து மணிக்கு ஜீப்பு கெளம்பிருமாம். அப்புறம் பங்குனி வரைக்கும் ரோட்டை மூடிருவாங்களாம்."

மாசிலாமணி துணிப்பையில் துண்டையும் வேட்டியையும் எடுத்து வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். சாமியிடம் போனபோது மணி பதினொன்று ஆகிவிட்டது.

"கயித்தக் கட்டி விடுங்க சாமி. போயிட்டு வந்துருதேன்."

"வெயில் ஏறிடுச்சே. பனி சரியும்."

"நாச்சிமுத்து தடம் அப்படியே கெடக்கு சாமி. முன்னால ஒரு வண்டி போயிருந்தா ரோடு நல்லாருக்குன்னுதான அர்த்தம்."

"அந்த வண்டி வெயிலுக்கு முந்தியே வந்துருச்சுங்க," என்றார் நாச்சிமுத்து, அடுப்படியிலிருந்து.

சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சரிவின் ஓரத்தில், ஒதுக்கமான இடத்தில், இடுப்பளவுக்குப் பனியை வெட்டினார். வெட்டிய முகத்தில் அடுக்கு தெரிந்தது. அடியில் பழைய பனி, கல்போல. அதன்மேல் நான்கு விரல் கனத்துக்குச் சீனிபோல உதிரும் பனி. அதற்கும் மேலே மூன்று நாள் பெய்தது.

மூன்று பக்கமும் வெட்டி ஒரு தூணாக நிறுத்தினார். அதன் தலையில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தட்டினார். ஐந்தாவது தட்டில் மேல்பாதி ஒரு பலகைபோல வழுக்கி வந்து மாசிலாமணியின் காலில் விழுந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"போறீங்களா?"

"நீங்க கட்டி விட்டா போவேன் சாமி."

சாமி கயிற்றை எடுத்துவரச் சொல்லி, முழங்கையால் அளந்தார்.

"வாங்கும்போது நாப்பது முழம். இப்ப இருபத்தாறுதான் இருக்கு."

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

"ஊருக்குத் திரும்புறவங்க ஆளுக்கு ஒரு சாண் நறுக்கிக்கிட்டாங்க சாமி."

"நீங்க?"

ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு சாண் கயிறு இருந்தது.

"எதுக்கு?"

"காப்புக்கு."

சாமி நாச்சிமுத்து பக்கம் திரும்பினார்.

"நானும்தானுங்க. ரெண்டு சாணுங்க. சொந்த ஊர்ல இருக்கற சம்சாரத்துக்கும் சேத்து."

சாமி சிரித்துவிட்டார்.

"மாவு மூட்டையைத் தூக்கிட்டு வாங்க."

"ஒரு மாசத்துச் சாப்பாடுங்க சாமி அது."

"அதனாலதான் தேடுவீங்க."

சாமி மூட்டையின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். எப்போதும் போடுகிற அதே முடிச்சு. மூட்டையின் வாயில் திருநீறும் பூசினார். சரிவுக்கு மேலே இருந்த பாறைக்கு மூவரும் ஏறினார்கள். கீழே ஆள் நடமாட்டம் இல்லாத ஓடைதான். இருந்தாலும் சாமி மூன்று முறை சங்கு ஊதி, காத்திருந்து பார்த்தார். பிறகு மூட்டையைக் காலால் தள்ளினார்.

மூட்டை விழுந்த இடத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம். சரிவின் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, ஒரு கீறல் ஓடியது. அதற்குக் கீழே இருந்த அத்தனையும் நகர்ந்தது. பனிப்புகை அடங்கியபோது நாச்சிமுத்துவின் தடமும் இல்லை, மூட்டையும் இல்லை.

மேலே சரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பனி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, சாமி கீழே அழைத்துப் போனார். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பனியில் நட்டார்.

"பனி மூடின ஆளுக்குப் பாதி பத்தி நேரம்தான் மூச்சு. தேடுங்க."

இருவரும் அலைந்தார்கள். நாச்சிமுத்துதான் முதலில் பார்த்தார். சிவப்பு நுனி ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே தோண்டினார்கள். இறுகிப்போன பனி, மண்வெட்டியைத் திருப்பி அடித்தது. பத்தி பாதி எரிந்தபோது முழங்கால் ஆழம்தான் போயிருந்தார்கள். மூட்டை கையில் பட்டபோது பத்தி இருந்த இடத்தில் குச்சி மட்டும் நின்றது.

மாசிலாமணி மூச்சு வாங்கிக்கொண்டு குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். மூட்டையைத் தடவிப் பார்த்தார்.

"முடிச்சு அவிழலையே சாமி."

"அவிழாது. நல்ல முடிச்சு."

"மாவுங்கறதால பொழச்சுது," என்றார் நாச்சிமுத்து.

மாசிலாமணி கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தார். வெட்டுப்பட்ட நுனி.

"அப்ப இந்தக் கயிறு எதுக்கு சாமி?"

"தோண்டுறவனுக்கு."

மூட்டையைச் சுமந்துகொண்டு மடத்துக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் விடியும் நேரத்தில் மூவரும் சரிவுக்கு வந்தார்கள். புதுப்பனி போய்விட்ட இடத்தில் பழைய பனி இறுகிக் கிடந்தது. சாமி வெட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மேலே ஏறிட்டுப் பார்த்தார்.

"இப்பப் போகலாம். வெயில் படுறதுக்குள்ள தாண்டிடணும். எட்டு, ஒம்பது மணிக்குச் சத்திரம்."

மாசிலாமணி மணிக்கட்டில் இருந்த சாண் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கயிற்றின் நுனியில் சேர்த்து முடிந்தார். நாச்சிமுத்துவும் தன்னுடையதைக் கொடுத்தார்.

"இன்னொரு சாணு ஊர்ல இருக்குதுங்க. அனுப்பச் சொல்லி எழுதிப் போடறேன்."

சாமி மாசிலாமணியின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மாசிலாமணி வழக்கம்போலத் தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார். நெற்றியில் எதுவும் படவில்லை. நிமிர்ந்து பார்த்தார். சாமியும் நாச்சிமுத்துவும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு சரிவின் ஓரத்தில் நின்றிருந்தார்கள்.

"திருநீறு வைக்கலையே சாமி."

சாமி சரிவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கையில மண்வெட்டி இருக்கு. நீங்க நடங்க."