மேசைக்கடியில் ஓடின பெட்டி

பொள்ளாச்சியில் மரக்கதவு செதுக்கும் சிஎன்சி பட்டறை ஒன்று. கோயில் கதவைப் பாதி செதுக்கும்போது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் நின்றுபோய், அருமையான தேக்குப்பலகை பாழாகிவிட்டது.

"நிக்காத கம்ப்யூட்டரா பாத்து வாங்கிட்டு வா. அதுவும் நின்னா நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார் முதலாளி. மெஷின் ஓட்டும் பூங்கோதை கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் தனசேகர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். உள்ளே கலர் கலராக விளக்கு எரிந்தது. "இதான் ராஜா. உனக்கெல்லாம் சொன்னாப் புரியாதும்மா."

"சரிங்க சார். உங்க கடையில ராத்திரி பகலா கேமரா ஓடுதுங்களே, அதை ஓட்டுறது எதுங்க?"

தனசேகருக்குப் பெருமை தாங்கவில்லை. மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த கறுப்புப் பெட்டியைக் காலால் காட்டினார். "அதா? வாங்கினதிலிருந்து ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல."

"அப்ப அதே மாதிரி ஒண்ணு குடுங்க சார். அதை நம்பித்தானே கடையையே விட்டுட்டுப் போறீங்க."

தனசேகர் கண்ணாடிப் பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டுப் பில் போட்டார்.

மறுபடி செதுக்கிய கதவு குறையில்லாமல் கோயிலுக்குப் போனது. ஆயுத பூஜையன்று முதலாளி தன் கையாலேயே பட்டறையின் புதுக் கறுப்புப் பெட்டிக்குப் பொட்டு வைத்தார். பூங்கோதை பொரியும் சுண்டலும் கொண்டுபோய்த் தனசேகரிடம் நீட்டினாள்.

"எனக்கெதுக்கும்மா?"

"பட்டறையில எல்லாரும் என்னைத்தான் கெட்டிக்காரிங்கறாங்க. நல்லதைக் காட்டிக் குடுத்தது உங்க கால்தானுங்களே சார்."