யாளி வைத்த கும்பிடு

சேதிராயன் என்று ஒரு ராஜா. எந்தப் போரில் ஜெயித்தான் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே வீரம், சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு தன் முன்னால் யார் யார் குனிகிறார்கள் என்று பார்ப்பதுதான். சபைக்கு வருகிற எவனும் நெற்றி தரையில் பட விழ வேண்டும். விழாதவன் தலை போகும். அதனால் அந்த அரண்மனையில் அத்தனை பேருக்கும் இடுப்புவலி. மூளைக்கு மட்டும் ஒரு வலியும் கிடையாது. அதற்கு வேலை கொடுத்தால்தானே?

இந்தக் குனிகிற கூட்டத்துக்கெல்லாம் பெரியவர் தளவாய் திருமேனி. பெயருக்குப் படைத்தலைவர். எதிரி வடக்குக் கணவாயில் நுழைந்தபோது ஊருக்குள் முதலில் ஓடிவந்தது அவருடைய குதிரை. மேலே அவர்.

கணவாயைக் காப்பாற்றியது கொற்றி என்கிற மலைக்காட்டுப் பெண். அவளோடு ஒரு யாளி. கோயில் தூணில் சிங்க உடம்பும் தும்பிக்கையுமாய்க் கல்லில் நிற்கிறதே, அதேதான். இது மட்டும் ரத்தமும் சதையும். குட்டியாய் வெள்ளத்தில் போனதை அவள்தான் இழுத்துக் கரை சேர்த்தாள். பிறகு அவள் விஷக்காய்ச்சலில் குகைக்குள் கிடந்தபோது, அது தும்பிக்கையில் தண்ணீர் மொண்டு வந்து அவள் வாயில் ஊற்றியது. கட்டுக்கயிறு கிடையாது, கூப்பிட ஒரு பெயர்கூடக் கிடையாது. ஆனால் ஒன்றை விட்டு ஒன்று இருக்காது. எதிரிப்படை இந்த ஜோடியைப் பார்த்ததுமே வந்த வழியே திரும்பிவிட்டது.

பரிசு தருகிறேன், வா என்று ராஜா ஆள் அனுப்பினான். கொற்றி வந்தாள். யாளியும் வந்தது. அவள் மரியாதை தெரிந்தவள், விழுந்து கும்பிட்டாள். யாளி நின்றது. ராஜாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

தான் ஓடியதைக் கண்ணால் பார்த்தவள் சபையில் நிற்கிறாளே என்று தளவாய் ஏற்கெனவே அவளைத் தொலைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா? வளைந்த முதுகை இன்னும் வளைத்துக்கொண்டு, “அரசே, இந்த மிருகம் தங்களை வணங்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?” என்றார்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பெண்ணே, அதைக் கும்பிடச் சொல்.”

“யார் சொன்னாலும் அது கேட்காது ராசா. நான் சொன்னாலும்தான்.”

“அப்படியானால் அதன் தலையை எடுங்கள். தோலை என் காலடியில் விரியுங்கள்.”

கொற்றி யாளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அதுக்கு முன்னாடி என் தலையை எடுங்க. இது போனப்புறம் எனக்கு அந்தக் காடும் வேணாம், உங்க பரிசும் வேணாம்” என்றாள். காவலர்கள் வாளை உருவினார்கள். உருவியதோடு சரி. நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சபையில் விகடம் பேசுவதற்கென்றே அம்பலவன் என்று ஒருவன் இருந்தான். அவன் மெதுவாகக் கொற்றியிடம் போய்க் காதோடு காதாக ஏதோ கேட்டான். அவளும் காதோடு பதில் சொன்னாள். கேட்டதும் அவன் முகம் மலர்ந்துபோனது.

“அரசே, காட்டில் வளர்ந்தது, பாவம். கும்பிடு என்றால் என்னவென்றே இது கண்டதில்லை. யாராவது செய்து காட்டினால் தானாகத் தலையைத் தாழ்த்தும். நம் தளவாய் ஐயாவைவிட அழகாகக் குனிகிறவர் இந்த நாட்டில் யார் இருக்கிறார்?”

இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிற ஆள்தான் அவர். பூரித்துப்போய், யாளியின் கண்ணெதிரே குனிந்த வாக்கிலேயே குடுகுடுவென்று ஓடி, ராஜாவின் காலடியில் தொப்பென்று விழுந்தார்.

யாளியின் காது விறைத்தது. முன்னங்கால்களை மெல்ல நீட்டியது. வயிறு தரையில் படிந்தது. தலை தாழ்ந்து தாழ்ந்து, தாடை தரையைத் தொட்டது. கண் மட்டும் தளவாயை விட்டு அசையவில்லை.

சபையே கைதட்டியது. “பார்த்தீர்களா? மிருகத்துக்குக்கூட என் பெருமை புரிந்துவிட்டது” என்று ராஜா மீசையை முறுக்கினான்.

“நன்றாகப் புரிந்துவிட்டது அரசே. ஆனால் கும்பிடு பாதிதான் ஆகியிருக்கிறது. மீதி என்னவென்று கொற்றி சொல்லட்டும்” என்றான் அம்பலவன்.

“பதுங்கி ஓடுறது எதைக் கண்டாலும் இது இப்படித்தான் தலையைத் தாழ்த்தும் ராசா. அடுத்தாப்ல பின்னங்கால் ரெண்டும் மாத்தி மாத்தி அசையும். அப்புறம் பாயும்.”

பின்னங்கால் அசைந்தது. தளவாய் கிடந்தது ராஜாவின் காலடியில். பாய்கிற யாளி, இவர் தளவாய், அவர் ராஜா என்று பிரித்துப் பார்த்தா பாயும்? ராஜா சிம்மாசனத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டான்.

“நிமிரச் சொல். உடனே அதை நிமிரச் சொல்.”

“நிமிர்ந்தால் சட்டப்படி தலை போகுமே அரசே” என்றான் அம்பலவன், ஒன்றும் அவசரமில்லாத மாதிரி.

“போகாது. இது என் ஆணை. இந்த யாளி எந்தக் காலத்திலும் என் முன்னால் குனியக் கூடாது.”

கொற்றி போய் யாளியின் கண்ணுக்கு நேரே உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அது எழுந்து, தும்பிக்கையால் அவள் தோளைத் தடவியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பரிசு எங்கே என்று அவள் கேட்கவில்லை. கொடுக்கிற நிலையில் ராஜாவும் இல்லை. இரண்டு பேரும் தலை நிமிர்ந்தபடியே வாசலைத் தாண்டிப் போனார்கள்.

ராஜா இறங்கி உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். தளவாய் மட்டும் இன்னும் நெற்றியைத் தரையில் பதித்தபடி அவன் காலடியிலேயே கிடந்தார். எழுந்திருக்கச் சொல்லி ஆணை வரவில்லையாம்.

அம்பலவன் அவரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தான். பிறகு ராஜாவின் காதருகே குனிந்து சொன்னான்:

“அரசே, எதற்கும் இவருடைய பின்னங்காலையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.”