சிகப்பியின் பெயரில் ஒரு வரி

“நான் எழுதுறது பொய்யாம்மா?”

கதிரேசன் இப்படிக் கேட்டபோது தில்லையம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, சுற்றிலும் பலா மரங்கள். தில்லையம்மாவுக்கு நாற்பது வயது நிறையவில்லை. கதிரேசன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அங்கே அவள்தான் குரு, அவர் சீடர்.

“என்ன எழுதுறீங்க?”

அவர் லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

திரையில் வெறும் எழுத்து. படம் கிடையாது, கட்டம் கிடையாது. ஒரு வரியில் ஒரு வேலையின் பெயர். அதன் கீழே தொடங்கிய நேரம், முடிந்த நேரம். அப்படியே கீழே போய்க்கொண்டிருந்தது.

“என் நாள் பூரா இதுலதாம்மா இருக்கு. வேலையத் தொடங்கும்போது ஒரு தட்டு. முடிக்கும்போது ஒரு தட்டு. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அதுவே குறிச்சுக்கும்.”

“தட்ட மறந்துட்டா?”

“அப்புறமா யோசிச்சு நாமளே எழுதிச் சேத்துக்கலாம்.”

“சரி.”

“அதத்தான் இப்ப செய்யிறேன். ஆறு மாசமா.”

தில்லையம்மா அடுத்த கொத்தைக் கையில் எடுத்தாள். அவர் மெல்லச் சொன்னார்.

சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கடைசிச் சில ஆண்டுகள் வீட்டிலிருந்தே வேலை. அந்த ஆண்டுகளில்தான் அவர் மனைவி சிகப்பிக்குப் புற்றுநோய் வந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்தாள். பிறகு இறந்துபோனாள்.

காரியமெல்லாம் முடிந்த அன்று மகள் உண்ணாமலை ஊருக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஆத்தா பக்கத்துல நீங்க ஒரு நாள்கூட உக்காரல அப்பச்சி.”

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் தாயை ஆத்தா என்றும் தகப்பனை அப்பச்சி என்றும்தான் கூப்பிடுவார்கள். அன்று சொல்லிவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு ஃபோனில்கூடப் பேசவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. தன் நாள் கணக்கு இருந்த ஃபைலைத் திறந்தார். சிகப்பி என்று அடித்துத் தேடினார். அவள் படுத்திருந்த காலம் முழுக்கத் தேடினார்.

அலுவலகக் கூட்டங்கள் இருந்தன. ரிப்போர்ட்டுகள் இருந்தன. லிஃப்ட் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டதுகூட இருந்தது.

அவள் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

“உக்காராம இருந்திருப்பேனா, சொல்லுங்க? தட்ட மறந்திருக்கேன். அவ்வளவுதான்.”

அதனால் எழுதிச் சேர்க்கத் தொடங்கினார். விடிந்ததும் உட்கார்ந்து அந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். மருந்து கொடுத்தது, காலை எட்டு முதல் எட்டரை. கால் பிடித்துவிட்டது, மாலை ஆறு முதல் ஏழு. எழுத எழுத நினைவு வந்தது. வர வர எழுதினார். இப்போது சிகப்பி என்று தேடினால் திரை திரையாக வருகிறது.

“நல்லதுதானே?” என்றாள் தில்லையம்மா.

“எழுதும்போது நிம்மதியா இருக்கு. மூடி வச்சதும் பயமா இருக்கு. எது நடந்தது, எது நடந்திருக்கணும்னு நான் ஆசைப்பட்டதுன்னு பிரிக்கத் தெரியல. நீங்க ஒரு தடவை படிங்கம்மா. எது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்.”

அவள் முழங்கையால் லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். கையெல்லாம் கீரை.

“எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே.”

“அம்மா...”

“அங்க யாரு இருந்தது?”

“சிகப்பி.”

“வேற?”

அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உண்ணாமலை. வேலைய விட்டுட்டு வந்து கூடவே இருந்தா.”

“அப்ப அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க.”

“அவ வரமாட்டாம்மா.”

“கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

தில்லையம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

கதிரேசனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. அம்மா தன் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டதாக நினைத்தார். தோட்ட வேலை, பாத்திரம் கழுவுவது, தியானம் எல்லாம் எப்போதும்போல நடந்தது. விடிகாலையில் எழுதுவதும் நடந்தது.

ஒரு நாள் கடற்கரைக்குப் போனது நினைவு வந்தது.

சிகப்பி அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தாள். மணலில் நடக்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். சுண்டல் வாங்கினார்கள். காகிதத்தில் எலுமிச்சை வாசனை. போதும், வீட்டுக்குப் போகலாம் என்றாள். முகத்தில் காற்று பட்டதுகூட நன்றாக நினைவிருந்தது.

தேதியைப் பார்த்து, அந்த நாளுக்குக் கீழே எழுதினார். கடற்கரைக்குக் கூட்டிப்போனது, மாலை ஐந்து முதல் ஏழு.

அதற்கு மேல்வரி கண்ணில் பட்டது. லிஃப்ட் ரிப்பேர். அந்த மாதம் முழுக்க லிஃப்ட் ஓடவில்லை. வீடு நாலாவது மாடி. கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடக்கவே அவளுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்த காலம் அது.

கதிரேசன் கையை எடுத்துவிட்டார்.

சுண்டல் வாசனை போகவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு மேல் மகளை ஃபோனில் கூப்பிட்டார். அவள் உடனே எடுத்துவிட்டாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். ஆத்தா படுத்திருந்தப்ப நடந்ததெல்லாம் எழுதியிருக்கேன். உனக்குப் படிச்சுக் காட்டணும்.”

“எதுக்கு?”

“தப்பா எழுதியிருக்கேன்னு தோணுது. எது தப்புன்னு எனக்குத் தெரியல ஆச்சி.”

சின்ன வயதில் மகளை அவர் ஆச்சி என்றுதான் அழைப்பார். இப்போது எப்படியோ வாயில் வந்துவிட்டது.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்றாள்.

*

காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். தில்லையம்மா பலா மரத்தடியில் பாய் விரித்துக் கொடுத்தாள்.

“நீங்களும் இருங்கம்மா” என்றார் கதிரேசன்.

“அடுப்புல உலை இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் படிக்கத் தொடங்கினார்.

“மருந்து கொடுத்தது. காலை எட்டு முதல் எட்டரை.”

“அது நான்.”

அவர் அந்த வரியை அழித்தார்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. காலை முழுக்க.”

“ஆமா. அன்னிக்கு நீங்கதான் வந்தீங்க. கார்ல ஆத்தா உங்க மடியில படுத்திருந்தா.”

அந்த வரி அப்படியே இருந்தது.

“கால் பிடித்துவிட்டது. மாலை ஆறு முதல் ஏழு.”

“அது நர்ஸ் பவுலின்.”

அழித்தார்.

உண்ணாமலை குரலை உயர்த்தவில்லை. கேட்டாள், சொன்னாள். சிலவற்றுக்குத் தெரியாது என்றாள். கடற்கரை என்று படித்தபோது அவரே அழித்துவிட்டார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

“இது நல்லா ஞாபகம் இருக்கு. ஜன்னல் பக்கமா உக்கார வச்சு நான்தான் தலை சீவிவிட்டேன். தைப்பொங்கல் அன்னிக்கு.”

“அப்பச்சி.”

“சிக்கு எடுக்கும்போது வலிக்குதுன்னா.”

“பொங்கலுக்கு ஆத்தாவுக்கு முடியே இல்ல அப்பச்சி. எல்லாம் கொட்டிப்போச்சு.”

அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். காற்றில் ஒரு பலா இலை பாய்மேல் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்து வெளியே போட்டாள்.

அவர் அழித்தார்.

வெயில் உச்சிக்கு வரும்போது ஃபைலில் சிகப்பியின் பெயர் கொஞ்ச இடங்களில்தான் மிச்சம் இருந்தது. அவர் திரும்ப ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும்படி இருந்தது.

“நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்” என்றார். “நான் உக்காரல.”

உண்ணாமலை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

“ஒண்ணு எழுதாம விட்டுட்டீங்க.”

“என்னது?”

“நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து கம்பெனி ஆளுங்ககிட்ட பேசிக்கிட்டே இருப்பீங்கல்ல. நடுவுல கதவு கொஞ்சம் திறந்திருக்கும். எனக்கு அந்தச் சத்தம் எரிச்சலா இருக்கும். ஒரு நாள் மத்தியானம் சாத்தப் போனேன். ஆத்தா கண்ணத் தொறந்து, சாத்தாதடின்னா.”

கதிரேசன் அவள் முகத்தைப் பார்த்தார்.

“அப்பச்சி பேசுறது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருதுன்னா. அப்புறம் நானும் கவனிச்சேன். நீங்க பேச ஆரம்பிச்சா தூங்குவா. நிறுத்தினா முழிச்சுக்குவா. கடைசி வரைக்கும் அப்படித்தான்.”

“நான் காத்து வரணும்னுதான் திறந்து வச்சேன்.”

“தெரியும்.”

“அவ கேக்கிறான்னு எனக்குத் தெரியாது.”

“அதுவும் தெரியும்.” அவள் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். “எனக்கு இன்னும் கோபம் போகல அப்பச்சி. ஆனா இது நடந்தது. நடந்தத நான் மறைக்கக் கூடாதுல்ல.”

அவர் மெல்லக் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. தள்ளியும் விடவில்லை.

தில்லையம்மா சாப்பிடக் கூப்பிட வந்தாள். இருவரையும் பார்த்துவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

உண்ணாமலை சொன்னதைக் கதிரேசன் அவளிடம் சொன்னார். பிறகு ஃபைலில் அந்த மாதங்களைத் திறந்தார். கூட்டம், கூட்டம், கூட்டம். ஒவ்வொன்றுக்கும் கீழே தொடங்கிய நேரம், முடிந்த நேரம். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

“நேரமெல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா கம்பெனி வேலைன்னு இருக்கு. இத மாத்தி அவ பேர்ல எழுதுறதா? இல்ல, இருக்கிறபடியே விடுறதா? எதும்மா உண்மை?”

“அந்த நேரம் நீங்க என்ன செஞ்சீங்க?”

“கம்பெனி வேலை.”

“தூங்கினது யாரு?”

“சிகப்பி.”

“அப்ப வேலை உங்க வரி, தூக்கம் அவங்க வரி. அவங்க வரிய நீங்க ஏன் எழுதுறீங்க?” என்றாள் தில்லையம்மா.