மைனாவின் முன்னங்கால்

குதிரை நொண்டுகிறது என்று முதலில் சொன்னவர் உதுமான் ராவுத்தர்தான். சொன்னபோது அவருக்கு வருத்தமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டாவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை அவர் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும். மறுநாள் மாலை அவருடைய மகள் மைமூனுக்கு நிக்காஹ். சேணம் போட்டாயிற்று. கிளம்பும் முன் மைனாவை முற்றத்தில் ஒரு சுற்று நடத்திப் பார்த்தார். மைனா அவருடைய பெண்குதிரை. வெள்ளை உடம்பில் சாம்பலை அள்ளித் தெளித்தது போலிருக்கும். நடக்கும்போது அது தலையை ஆட்டியது. ஓர் அடிக்குத் தலை தாழ்ந்தது, அடுத்த அடிக்கு மேலே போனது.

அரைச் சுற்று முடிவதற்குள் ராவுத்தர் குதிரையை நிறுத்திவிட்டார். சேணத்தைக் கழற்றினார். புங்கமரத்தில் கட்டினார். கிணற்று மேடையில் போய் உட்கார்ந்தார்.

"கால் போச்சு" என்றார்.

மலையடிவாரத்தில், கணவாய்க்குப் போகும் பாதையில் இருந்தது அந்தத் தைக்கா, ஒரு சூஃபி குருவின் மடம். வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி கிடைக்கும், குதிரைகளுக்குத் தண்ணீர் கிடைக்கும், கேட்பவர்களுக்கு மீரான் பாவாவின் பேச்சு கிடைக்கும். கடைசியாகச் சொன்னதுதான் கொஞ்சமாகக் கிடைக்கும். ராவுத்தர் பாளையத்தில் குதிரைகளைப் பழக்கியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மைனாவுக்குத் தண்ணீர் காட்ட இங்கே இறங்கினார். பாவாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். ஊருக்குப் போய் வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர், அப்படியே சீடராகத் தங்கிவிட்டார். பாவா வயதில் அவருடைய தம்பிக்கும் தம்பி போன்றவர். அது யாருக்கும் உறுத்தவில்லை, ராவுத்தரின் மனைவி ஜுலைகாவைத் தவிர.

அவரை அழைத்துப் போக முந்தின நாள் மாலையே ஊரிலிருந்து ஆள் வந்திருந்தது. ராவுத்தருடைய அக்கா மகன் பக்கீர் மைதீன். ஊரில் கறிக்கடை வைத்திருப்பவன். கடையில் விற்காததை எல்லாம் தானே சாப்பிட்டவன் மாதிரி இருப்பான். அவன் ஏறி வந்த மட்டக்குதிரை இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மாமு இப்படிச் சொல்றீங்க" என்றான் மைதீன், கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல். "மைனா இல்லாட்டா மாப்பிள்ளை எதுல வருவாரு?"

அதுதான் விஷயம். அவர்கள் ஊரில் மாப்பிள்ளை, பெண்ணைப் பெற்ற அத்தாவின் குதிரையில் ஏறித்தான் பந்தலுக்கு வர வேண்டும். கடிவாளத்தைப் பெண்ணின் அத்தாவே பிடித்து நடத்தி வருவார். அத்தாவை இழந்த பிள்ளைகளுக்கு மட்டும் தாய்மாமன் பிடிப்பார். மைமூனுக்குத் தாய்மாமன், ஜுலைகாவின் உடன்பிறந்த சுல்தான்.

"சுல்தான் மச்சான்கிட்ட குதிரை இருக்குல்ல" என்றார் ராவுத்தர்.

"இருக்கு. முந்தாநாளே குளிப்பாட்டியாச்சு. 'உன் மாமன் வராட்டா கடிவாளத்தை நான் பிடிப்பேன், அப்புறம் அவர் இந்த ஊர்ல எப்படித் தலை காட்டுறார்னு பாக்குறேன்'னு கடைத்தெருவுல நின்னு சொன்னாரு. ஈ ஓட்டிக்கிட்டிருந்தவன்லாம் நிறுத்திட்டுக் கேட்டான்."

"உன் மாமி?"

"மாமி ஒரே வார்த்தைதான். 'வராட்டா அந்தத் தைக்காவுலயே கபுறுக்குழிக்கு இடம் பாத்துக்கச் சொல்லு.'"

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டார். "மைமூன்?"

"அது ஒண்ணும் சொல்லல மாமு. மைனா சுகமா இருக்கான்னு கேட்டுச்சு. அவ்வளவுதான்."

"பாத்தியா? தங்கம்டா அவ." ராவுத்தரின் முகம் மலர்ந்தது. "நான் வீட்டை விட்டுக் கிளம்பின அன்னைக்கு உன் மாமி தெருவையே கூட்டிட்டா. மச்சான் வாசலை மறிச்சான். மைமூன் ஒரு வார்த்தை கேக்கல. வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்துச்சு. எதையும் மனசுல வச்சுக்காத பிள்ளை. நான் வராட்டாலும் அவ ஒண்ணும் நினைக்க மாட்டா. மத்த ரெண்டு பேரைத்தான் எப்படிச் சமாளிக்கிறதுன்னு தெரியல."

மீரான் பாவா கஞ்சிப்பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"குதிரைக்கு என்ன, ராவுத்தரே?"

"நொண்டுது பாவா. முன்னங்கால்."

"தூக்கிப் பாத்தீங்களா?"

"தூக்கிப் பாக்கணுமா? ஆயுசு பூரா குதிரையோட கிடந்தவன். பாத்தாலே தெரியாதா?"

"எந்த முன்னங்கால்?"

ராவுத்தர் மைனாவைத் திரும்பிப் பார்த்தார். "அவ்வளவு தூரம் பாக்கல" என்றார்.

பாவா தலையசைத்தார். குற்றம் சொல்கிற மாதிரி ஒன்றும் அந்த முகத்தில் இல்லை.

"அப்ப நான் பாக்கறேன்."

மைதீன் கஞ்சி குடிப்பதை நிறுத்தினான். ராவுத்தர் எழுந்தே விட்டார். பாவாவுக்கும் குதிரைகளுக்கும் இருந்த பழக்கமெல்லாம், அவை உதைத்தால் எட்டாத தூரத்தில் நிற்பதுதான்.

"பாவா, நீங்களா?"

"நீங்க உக்காருங்க. மைதீன், இதைக் கொஞ்சம் அந்தக் கல்பாவின பாதையில நடத்திக் காட்டு."

"ஆடுன்னா எனக்குத் தெரியும் பாவா. அதுவும் நடக்கிற ஆட்டைப் பத்தி அவ்வளவா தெரியாது."

"இது நடக்கும். கயிறைப் பிடிச்சாப் போதும்."

மைதீன் பிடித்துக்கொண்டு நடந்தான். யார் யாரை நடத்துகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. பாவா பாதையோரம் குந்தியிருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கல்லின் மேல் ஒரு குளம்பு 'டங்'கென்று விழுந்தது. அடுத்தது விழுந்ததா என்றே தெரியவில்லை. மறுபடியும் 'டங்'.

"போதும்" என்றார் பாவா. "இடது கால். பாவம், தரையை என்ன இடி இடிக்குது. இவ்வளவு சத்தம் போடுதுன்னா அங்கதான் வலி."

சமையற்கட்டிலிருந்து மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்தார். மைனாவின் இடது முன்னங்காலில் மஞ்சளை அப்பிக் கட்டுப்போட ஆரம்பித்தார். கட்டு முழங்காலுக்கு மேலே போனது, கீழே இறங்கியது, ஒரு இடத்தில் அவர் கைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டது. மைனா திரும்பி அவர் தலைப்பாகையை முகர்ந்து பார்த்தது.

ராவுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குருவிடம் குறுக்கே பேசக் கூடாது. மூன்று வருஷமாகப் பழகிய பாடம் அது. பாவா மூன்றாவது சுற்றுச் சுற்றி, குழந்தைக்குத் தொட்டில் கட்டுவது மாதிரி ஒரு முடிச்சுப் போட்டபோது அந்தப் பாடம் போய்விட்டது. ராவுத்தர் சிரித்துவிட்டார். முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது. அப்புறம் வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் இப்படிச் சிரித்து அந்தத் தைக்காவில் யாரும் கேட்டதில்லை.

"பாவா, என்னை மன்னிக்கணும். அது நல்ல கால்."

"நல்ல காலா? இந்தச் சத்தம் போடுதே."

"சத்தம் போடுறதாலதான் அது நல்ல கால்." ராவுத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குரலே மாறியிருந்தது. பாளையத்துக் குதிரைலாயத்தில் நூறு பேர் கேட்ட குரல். "வலிக்கிற காலைக் குதிரை அழுத்தி ஊன்றாது பாவா. பட்டும் படாம வைக்கும். பாரத்தை எல்லாம் கொண்டுவந்து இந்த நல்ல கால்ல போடும். அதான் இந்த இடி. தலையையும் பாக்கணும். நல்ல கால் விழும்போது தலை தாழும். வலிக்கிற கால் விழும்போது தலையைத் தூக்கிக்கும். புதுசா வர்றவன் எல்லாம் செய்யுற தப்பு இது. சத்தம் வர்ற கால்லதான் போய்க் கட்டுவான்."

"அப்ப வலிக்கிற கால் சத்தமே போடாதா?"

"போடாது."

"குதிரையாவது கத்தாதா?"

"கத்தாது பாவா. மறைக்கும். நொண்டுற குதிரையைத்தானே புலி முதல்ல பாக்கும்? அந்தப் பயம் அதோட ரத்தத்துல இருக்கு. மேய்ற மாதிரி மேயும், நிக்கிற மாதிரி நிக்கும். கூட இருக்கிறவன்தான் காலைத் தூக்கிப் பாத்துக் கண்டுபிடிக்கணும்."

"அப்படியா" என்றார் பாவா. "எனக்குத் தெரியாமப் போச்சு."

ராவுத்தர் மைனாவின் வலது பக்கம் குனிந்தார். தோளிலிருந்து உள்ளங்கையை மெதுவாகக் கீழே இறக்கினார். சூடு இல்லை. வீக்கம் இல்லை. மூட்டை மடக்கி நீட்டினார். மைனா சும்மா இருந்தது. குளம்பைத் தூக்கித் தன் தொடை மேல் வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து வளைந்த இரும்புக் கொக்கியை எடுத்து அடியில் இருந்த மண்ணைச் சுரண்டினார். ஓர் இடத்தில் கொக்கி பட்டதும் மைனாவின் தோல் சிலிர்த்தது.

"இருடி. இருடி என் கண்ணு."

கொக்கியை நெம்பினார். குளம்பின் பள்ளத்திலிருந்து ஒரு கூழாங்கல் தெறித்து விழுந்தது. புளியங்கொட்டை அளவு.

மைதீன் அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தான். "இதுக்கா மாமு கால் போச்சுன்னு உக்காந்தீங்க?"

"உன் செருப்புல போட்டு ஊருக்கு நடத்திப் பாக்கட்டுமா?"

குளம்பின் பள்ளத்தை அழுத்திப் பார்த்தார். புண் இல்லை, ரத்தம் கட்டவில்லை. காலைக் கீழே விட்டுக் கயிற்றைப் பிடித்துக் கல்பாதையில் நடத்தினார். டங், டங், டங், டங். நான்கும் ஒரே சத்தம். தலை ஆடவில்லை. மஞ்சள் கட்டு நழுவி ஒரு பக்கம் தொங்க, மைனா கல்யாணப் பெண் மாதிரி நடந்தது. மைதீன் கை தட்டினான். அந்தச் சத்தத்தில் அவனுடைய மட்டக்குதிரை மிரண்டு தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பாவாவும் சிரித்தார்.

"கணவாய் வரைக்கும் ஏறாம நடத்திட்டுப் போகணும்" என்றார் ராவுத்தர். "அப்புறம் ஏறலாம். இப்பக் கிளம்பினா நாளைக்கு நேரத்துக்குப் போயிடலாம்."

சேணம் மறுபடியும் மைனாவின் முதுகில் ஏறியது. பையை எடுத்து மாட்டும்போது ராவுத்தரின் கை கொஞ்சம் தயங்கியது. குதிரைக்கு ஒன்றுமில்லை என்றால் இனி ஊருக்குப் போயே ஆக வேண்டும்.

"பாவா, ஒரு யோசனை சொல்லணும்."

பாவா தான் போட்ட கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த முடிச்சு லேசில் அவிழவில்லை. "சொல்லுங்க."

"ஜுலைகாவுக்கு அல்வா வாங்கி வச்சிருக்கேன். மச்சானுக்குத் தலைப்பாகைத் துணி. ரெண்டு பேரும் வாசல்லயே நிப்பாங்க. இவகிட்ட முதல்ல போனா அவனுக்கு மரியாதை குறைஞ்சிடும். அவன்கிட்ட முதல்ல போனா இவ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பா. நான் யாருகிட்ட முதல்ல போகட்டும்?"

"ரெண்டு பேரும் நல்லா சத்தம் போடுவாங்களா?"

"தெருக்கோடிக்குக் கேக்கும் பாவா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாவா. "ரெண்டும் நல்ல கால்."

மைதீன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமி காலோடு ஒப்பிடப்பட்டது அவனுக்குப் போதும். ராவுத்தரும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார்.

"மைதீன். மைமூன் என்ன சொல்லிச்சுன்னு சொன்னே?"

"அதான் சொன்னேனே மாமு. மைனா சுகமா இருக்கான்னு கேட்டுச்சு."

"நான் வருவேனான்னு கேக்கல?"

"கேக்கல." மைதீன் மீசையில் ஒட்டிய கஞ்சியைத் துடைத்தான். "ஆனா மைனா கழுத்துல கட்டுறதுக்கு ஒரு மணிச்சரம் கோத்து வச்சிருக்கு. சலங்கை மணி. பெருநாள்லருந்து கோக்குது. கோத்ததைப் பிரிக்கும், திரும்பக் கோக்கும். சுல்தான் மாமுவோட குதிரைக்குக் கட்டலாமான்னு மாமி கேட்டதுக்கு, அந்தக் கழுத்துக்கு அளவு பத்தாதுன்னு சொல்லிச்சு."

ராவுத்தர் பாவாவைப் பார்த்தார்.

பாவா தரையில் கிடந்த இரும்புக் கொக்கியை எடுத்து, மண்ணைத் துடைத்து, அவரிடம் நீட்டினார்.

"மறந்துட்டுப் போறீங்க, ராவுத்தரே."

ராவுத்தர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அல்வாப் பொட்டலமும் தலைப்பாகைத் துணியும் கிணற்று மேடையிலேயே கிடந்தன. கடிவாளத்தைப் பிடித்தார். நடந்தார். வாசலைத் தாண்டியதும் அந்த நடை ஓட்டமாகிவிட்டது. மைனாவும் கூடவே ஓடியது.

"மாமு, கஞ்சியைக் குடிச்சு முடிச்சுக்கிறேன்" என்று மைதீன் கத்தினான். "இப்படி என்ன அவசரம்?"

கல்பாதையில் நான்கு குளம்புகள் ஒரே சத்தமாகத் தூரத்தில் கேட்டன.