கெளுத்திக்குக் கிடைத்த கூடுதல் இரை

ஒரு காட்டில் நடந்தது என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை, குழந்தைகளே. ஆனால் இந்தக் கதை ஒரு வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் நடந்தது.

அந்தத் தொட்டியில் ஒரு தங்கமீனும் அதன் மகளும் இருந்தன. தங்கமீனுக்கு எதிலும் அவசரம். கேள்வி முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடும். அது சொன்னதற்கெல்லாம் தலையாட்ட இரண்டு கப்பி மீன்கள். நாளெல்லாம் விளையாடித் திரிய நீலச்சிட்டு என்ற பொடிமீன். அடியில், மணலோடு மணலாக, மீசை வைத்த கெளுத்தி ஒன்று. மற்றவர்கள் தின்றது போக எஞ்சி விழும் இரைதான் அதற்குச் சாப்பாடு.

வீட்டுக்காரி கோமளா தினமும் காலையில் ஒரு சிட்டிகை இரை தூவுவாள். ஒரு நாள் வழக்கத்தைவிட அதிகமாகவே இரை அடியில் வந்து விழுந்தது. கெளுத்தி அதைத் தின்னாமல் மேலே நீந்தி வந்தது.

“அக்கா, இன்று யாரோ சாப்பிடவில்லை. நீலச்சிட்டைக் காணோமே?”

தங்கமீன் சுற்றிலும் பார்த்தது. உண்மைதான், காணோம்.

“எங்கள் யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நீதான் அவளை விழுங்கியிருக்கிறாய்” என்றது.

“அதன் வாயைப் பாருங்கள், எவ்வளவு பெரிசு” என்றன கப்பிகள்.

“இல்லை அக்கா. பில்டருக்குப் பின்னால் யாரோ வாலால் கண்ணாடியைத் தட்டுவது மணலில் அதிர்வாகத் தெரிகிறது. அந்த இடுக்கில் உங்களால் நுழைய முடியாது. நான் தட்டையானவன், அடிவழியாகப் போய் அவளை மேலே தள்ளிவிடுவேன். என்னை விடுங்கள்.”

“தப்பிக்கப் பார்க்கிறாயா?” என்றது தங்கமீன்.

கண்ணாடித் தொட்டியிலிருந்து தப்பி எங்கே போவது? அதை யாரும் கேட்கவில்லை. மூன்றும் சேர்ந்து கெளுத்தியின் துடுப்பைக் கடித்துக் கிழித்தன. மூலையில் கிடந்த உடைந்த மண்சட்டிக்குள் அதை விரட்டின. தலையை நீட்டியபோதெல்லாம் மறுபடியும் கடித்தன.

சட்டிக்குள் இருந்தபடியே கெளுத்தி அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் அந்தச் சத்தம் மெலிந்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோமளா பில்டரைக் கழற்றிக் கழுவினாள். பின்னால் நீலச்சிட்டு உயிரில்லாமல் ஒட்டிக்கிடந்தது. எல்லா மீன்களும் பார்த்தன.

“பாவம்” என்றது தங்கமீன்.

“பாவம்” என்றன கப்பிகள்.

சட்டிப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. கெளுத்தியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு மாதம் போயிற்று. கெளுத்தி சட்டியிலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் தங்கமீன் தன் மகளைத் தேடியது. காலையில் இரை தின்ற அவசரத்தில் அவள் வந்தாளா என்று அது கவனிக்கவில்லை. செடிக்குள் தேடியது, கல்லுக்குப் பின்னால் தேடியது. கடைசியில் பில்டர் இடுக்கில் ஒரு சின்ன வால் தெரிந்தது. அது அசையவில்லை.

தங்கமீன் சட்டி வாசலுக்கு வந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அக்கா. காலையில் இரை கூடுதலாக விழுந்தது. மத்தியானம் வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தாள்.”

“பாவி, ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

கெளுத்தி தன் கிழிந்த துடுப்பை மெல்ல ஒடுக்கிக்கொண்டது.

“போன தடவை சொன்னேனே, அக்கா” என்றது.

அன்று காலை விழுந்த இரை சட்டி வாசலில் அப்படியே கிடந்தது. கெளுத்தி அதைத் தொடவே இல்லை.

நீதி: ஆபத்தைச் சொல்ல வந்தவனையே குற்றவாளியாக்கினால், அடுத்த ஆபத்தைச் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.