பாய்ச்சல் பரமனுக்கு ஊற்றிய தண்ணீர்

அல்லிக்குளத்தின் தென்கரையில் பூவராகன் என்றொரு தேரை இருந்தார். கனத்த உடம்பு, குட்டைக் கால். வழியில் ஒரு சுள்ளி கிடந்தால் தாண்டமாட்டார், சுற்றிக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு கூடைப்பந்து அணிக்குச் சொந்தக்காரர் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கே சில சமயம் வரும்.

அன்று அவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன.

முதல் வேலை, வாய்க்கால் வெட்டுவது. கோடை மழையில் ஓர் எருமையின் குளம்படி பதிந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில்தான் அவர் மனைவி பவளம் முட்டையிட்டிருந்தாள். இப்போது பள்ளம் கொள்ளாமல் தலைப்பிரட்டைகள். மழை நின்று பத்து நாளாகிவிட்டது. குளத்துத் தண்ணீரும் உள்வாங்கிவிட்டது. பள்ளத்துக்கும் குளத்துக்கும் நடுவே எட்டுத் தேரை நீளத்துக்கு வெறும் மணல்.

"இன்னிக்கு வெயிலுக்கு இந்தத் தண்ணி தாங்காது. உச்சிப்பொழுதுக்கு முன்னாடி வாய்க்காலை வெட்டிடுங்க. நான் கொஞ்சம் கண்ணை மூடுறேன்" என்றாள் பவளம். பத்து நாளாகப் பிள்ளைகளைக் காவல் காத்த களைப்பு. ஈரமண்ணுக்குள் புதைந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

இரண்டாவது வேலை, பாய்ச்சல் பரமனைப் புகழ்ப்பொந்தில் ஏற்றுவது.

பரமன் யார் என்று கேட்பீர்கள். பரமன் ஒரு கூழாங்கல்.

எதிர்க்கரையில் குரங்குகள் உண்டு. அடி போன கூடை ஒன்றைக் கிளையில் தொங்கவிட்டு, பனம்பழத்தை அதற்குள் போட்டுக் கூடைப்பந்து ஆடும். அதைப் பார்த்துத் தென்கரைக்காரர்களுக்கும் ஆசை வந்தது. ஒரே ஒரு நாள் ஆடிப் பார்த்தார்கள். முள்ளம்பன்றி சிங்காரத்தின் முதுகில் பந்து குத்திக்கொண்டது, மாலை வரை பிடுங்க முடியவில்லை. ஆமை திருவேங்கடம் களத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. நீர்க்கோழி அஞ்சலை பந்தைக் கண்டதும் குளத்தில் முங்கிவிட்டாள். பூவராகன் குதித்தார். எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி அன்று முதல் யாரும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. ஆளுக்கு ஐந்து கூழாங்கற்கள், அவைதான் ஆட்டக்காரர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சாமர்த்தியம். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை நான்கை உருட்டவேண்டும். மூன்று வெள்ளை விழுந்தால் பந்து கூடைக்குள் போனதாகக் கணக்கு. நான்கும் கறுப்பாக விழுந்தால் ஆட்டக்காரனுக்குக் காயம். வருஷம் முழுக்க ஆடி ஜெயித்த அணிக்கு ஒரு கொட்டாங்குச்சிதான் கோப்பை. எல்லாவற்றையும் திருவேங்கடம் பாறையில் கீறி வைத்திருந்தார்.

ஒன்பது வருஷம் ஆடிய கல்லுக்கு ஓய்வு. சிறந்த கல் என்றால் மருதமரத்துப் பொந்தில் ஏற்றி வைப்பார்கள். அதுதான் புகழ்ப்பொந்து. கல்லின் சொந்தக்காரருக்கு ஓட்டு கிடையாது, பேச்சு மட்டும் உண்டு. மற்ற மூவரும் சரி என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் கல்லைக் குளத்து நடுவில் போட்டுவிடுவார்கள். பொந்தில் சிங்காரத்தின் சூறாவளி என்ற கல் ஒன்று, அஞ்சலையின் கல் ஒன்று, திருவேங்கடத்தின் கற்கள் இரண்டு இருந்தன. பூவராகன் கல் ஒன்றுகூட இல்லை. இது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

'ஒரு எட்டு போய்ப் பேசிவிட்டு வந்து வெட்டினால் ஆயிற்று' என்று நினைத்துக்கொண்டு பரமனை உருட்டிக்கொண்டு மருதமரத்தடிக்கு வந்தார்.

"முதல் கேள்வி. பரமன் ஒரு தடவையாவது கோப்பை வாங்கியிருக்கானா?" என்றார் திருவேங்கடம்.

"கோப்பை அணிக்குக் கிடைக்கிறது அண்ணே. இவன் கூட ஆடின மத்த நாலு பேரும் சரியில்ல" என்றார் பூவராகன்.

"அந்த நாலு பேரைப் பொறுக்கிக்கிட்டு வந்தது யாரு ஓய்?" என்று கேட்டார் சிங்காரம்.

"நான்தான்."

பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதை விடும். ஒன்பது வருஷத்துல நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு கூடை. பாறையைப் பாரும்."

"பார்த்தேன். பாதிக்கு மேல அஞ்சலை அணிக்கு எதிரா போட்டது. அஞ்சலை கல்லு அஞ்சும் நிக்கத் தெரியாம நின்ன காலம் அது" என்றார் சிங்காரம்.

"என் பிள்ளைங்களைப் பத்திப் பேசாதீங்க" என்றாள் அஞ்சலை. கற்களைத்தான் சொன்னாள்.

"பெரிய ஆட்டம் வந்தா உம்ம பரமன் படுத்துக்குவான். ஆறாம் வருஷம் முழுக்க ஆடவே இல்ல" என்று சிங்காரம் விடாமல் பிடித்தார்.

"அப்ப அவனுக்கு முட்டிவலி."

"கல்லுக்கு ஏது முட்டி?"

"உம்ம சூறாவளிக்கு நெஞ்சுவலின்னு நீரு மூணு நாள் கிழங்கைத் தொடலியே, கல்லுக்கு மட்டும் நெஞ்சு இருக்குமாக்கும்?"

சிங்காரம் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அந்தச் சுற்றில் ஜெயித்தது தேரைதான்.

ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஈரமாக இருந்தால் பரமன் பளபளவென்று இருப்பான். காய்ந்தால் சாம்பல் பூத்து, கரையில் கிடக்கிற எந்தக் கல்லோடும் வித்தியாசம் தெரியாது. மூன்று பேரும் அவனையே உற்றுப் பார்த்தார்கள். பூவராகன் ஒரு பூவரச இலையைக் குழித்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினார். குளம் தூரம். குளம்படிப் பள்ளம் பக்கம்.

"அப்பா, வாய்க்கால் வெட்ட வந்தாச்சா?" என்று பிள்ளைகள் மேலே வந்தன.

"இதோ கண்ணுங்களா. ஒரே ஒரு பேச்சு பாக்கி."

ஓர் இலைத் தண்ணீரை மொண்டுகொண்டார். இந்த ஓர் இலையில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நனைந்த பரமன் மினுங்கினான். "பார்க்க லட்சணமாத்தான் இருக்கான்" என்றார் திருவேங்கடம். பூவராகனுக்கு அந்த ஒரு வார்த்தையே வயிறு நிறைந்ததுபோல் இருந்தது.

பேச்சு நீண்டது. பொந்தில் இருக்கிற சூறாவளியைவிடப் பரமன் எந்த விதத்தில் மட்டம் என்றொரு விவாதம் வந்தது. இப்போதெல்லாம் புளியங்கொட்டைகள் வழவழப்பாகிவிட்டன, பழைய கொட்டையில் மூன்று வெள்ளை விழுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்னொரு விவாதம். திருவேங்கடம் பாறையில் ஒரு கீறலைச் சரிபார்க்கப் போனார். அவர் போய்த் திரும்புவதற்குள் பரமன் இரண்டு தடவை காய்ந்துவிட்டான்.

இரண்டாம் தடவை போனபோது பிள்ளைகள் பள்ளத்தின் நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று மட்டும்தான் கூப்பிட்டது. பூவராகனுக்குச் சுருக்கென்றது. "பேசாம இருங்க, பேசினா வாய் வறளும்" என்று அதட்டினார். பிள்ளைகளை அதட்டினால் தன் குற்றம் கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்தது. இலை இந்தத் தடவை பாதிதான் நிரம்பியது.

மூன்றாம் தடவை போனபோது பிள்ளைகளின் முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அவர் கீழே இறங்கி மணலை இரண்டு கை அள்ளிப் போட்டார். மூன்றாவது கை அள்ளுவதற்குள் மருதமரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"ஓட்டு எடுக்கப்போறோம். பூவராகன் எங்கே?"

ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமாகக் காத்திருந்த குரல் அது. வெட்கங்கெட்ட தேரை, அடியில் இருந்த தண்ணீரை வழித்தெடுத்துக்கொண்டு ஓடினார்.

"பரமனுக்கு என் ஓட்டு உண்டு" என்றார் திருவேங்கடம்.

"எனக்கும் சரி. பொழுதோட வீட்டுக்குப் போகணும்" என்றாள் அஞ்சலை.

பாக்கி சிங்காரம். அவர் பரமனைச் சுற்றி வந்தார், மோந்து பார்த்தார், மறுபடி சுற்றி வந்தார். "காஞ்சு கிடக்கான். ஒரு தடவை நனைச்சுக் காட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பூவராகன் இலையைச் சாய்த்தார். தண்ணீரோடு ஒரு தலைப்பிரட்டையும் வந்து பரமன் மேல் விழுந்தது.

மினுங்கும் கல்லின் மேல் கறுப்பாக அது கிடந்தது. வால் மெல்ல ஆடியது. தண்ணீர் கல்லைவிட்டு வழிந்து மண்ணுக்குள் போய்விட்டது.

"அப்பா, வாய்க்கால் வெட்டியாச்சா? இதுதான் குளமா?" என்று அது கேட்டது.

"எங்கேயிருந்து ஓய் இந்தத் தண்ணியை எடுத்தீரு?" என்று சிங்காரம் கேட்டார்.

பூவராகன் பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு பாய்ந்தார். வழியில் ஒரு சுள்ளி கிடந்தது, தாண்டிவிட்டார். தாண்டியது அவருக்கே தெரியாது.

பள்ளத்தில் இப்போது வெறும் சேறு. பிள்ளைகள் சேற்றில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. வாயிலிருந்த பிள்ளையை அவற்றோடு விட்டுவிட்டு மணலைத் தோண்டினார். தேரைக் கைக்கு எவ்வளவு வரும்? அள்ள அள்ளச் சரிந்தது. "ஐயோ, நான் பாவி" என்று வாய்விட்டு அழுதுகொண்டே தோண்டினார்.

"நகரும்" என்றார் பின்னாலிருந்து சிங்காரம். கிழங்கு தோண்டிப் பழகிய நகங்கள் அவருக்கு. நாலே இழுப்பில் பாதி வாய்க்கால் வந்துவிட்டது. திருவேங்கடம் தம் வயிற்றால் தேய்த்துக்கொண்டே வந்து அதை அகலப்படுத்தினார். அவர் அவசரப்பட்டதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அஞ்சலை தலைப்பிரட்டை தின்கிற இனம். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குளத்தில் முங்கி முங்கி வந்து நனைந்த இறக்கையைச் சேற்றின் மேல் உதறினாள்.

குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் எட்டிப் பார்த்தது. உடனே வாய்ப்பக்கத்துக் கரை சரிந்து அடைத்துக்கொண்டது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி சரிந்தது.

"முட்டுக் கொடுக்க ஒரு கல் வேணும். கனமா, உருண்டையா" என்றார் சிங்காரம்.

பூவராகன் மருதமரத்தடிக்கு ஓடினார். பரமனை உருட்டிக்கொண்டு வந்து கரையில் வைத்து அழுத்தினார். கரை நின்றது. தண்ணீர் முதலில் நூலாக வந்தது, பிறகு கயிறாக வந்தது. சேற்றில் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாலை ஆட்டிக்கொண்டு குளத்துக்குப் போயின.

மாலையில் பவளம் மண்ணை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள். "எல்லாப் பிள்ளையும் வந்து சேர்ந்துடுச்சா?" என்று கேட்டாள்.

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கூடைகளில் எது எந்த வருஷம் விழுந்தது என்று பூவராகனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தனக்கு எத்தனை பிள்ளை என்று அவருக்குத் தெரியாது.

பவளம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே எண்ணினாள்.

"இருநூத்தி ஆறு. சரியா இருக்கு" என்றாள்.

அப்போதுதான் அவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மூன்று இலைத் தண்ணீரையும் சொன்னார். பவளம் கரையில் முட்டுக் கொடுத்திருந்த பரமனைப் பார்த்தாள்.

"கடைசியில இது ஜெயிச்சுதா?"

"ரெண்டு ஓட்டு விழுந்துச்சு. மூணாவது ஓட்டு தெரியல."

"நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டாள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அதில் நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது.

மறுநாள் காலை மூவரும் வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். "ராத்திரி முழுக்க யோசிச்சேன் ஓய். என் ஓட்டும் பரமனுக்குத்தான். எடும், பொந்துல ஏத்திடலாம்" என்றார் சிங்காரம்.

ஒன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. பூவராகன் கல்லையும் பார்த்தார், அதன் பக்கத்தில் ஓடுகிற தண்ணீரையும் பார்த்தார்.

"எடுத்தா கரை சரிஞ்சுடும். அடுத்த முட்டைக்கும் இந்த வாய்க்கால் வேணும். அவன் இங்கேயே கிடக்கட்டும்" என்றார்.

"ஒன்பது வருஷத்துல உம்ம பரமன் செஞ்ச உருப்படியான வேலை இது ஒண்ணுதான்" என்றார் சிங்காரம்.

"எனக்கும் அதே கணக்குத்தான்" என்றார் தேரை.

கற்பனை வீரனுக்குப் பெருமை தேடி அலைகிறவன், தன்னை நம்பியிருக்கிற உயிர்களின் தண்ணீரை எடுத்துத்தான் அவனைப் பளபளப்பாக்குகிறான்.