தீட்டாவுக்கு 45

டயர்க் கடை மாடியில் ஆவுடையப்பன் நடத்திய தேர்வுப் பயிற்சி வகுப்பில் ஒரு ஸ்டாப்வாட்ச் உண்டு. ஒரு கணக்குக்கு முப்பது நொடி. தாண்டினால் அவருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். முப்பது நொடியில் முடிக்க ஒரு மந்திரமும் வைத்திருந்தார். திரிகோணமிதி வந்தால் தீட்டாவுக்கு 45 போடு. வருகிற எண் எந்த விடையோடு பொருந்துகிறதோ அந்த வட்டத்தைக் கறுப்பாக்கு. அடுத்ததற்குப் போ.

இசக்கியம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். அரசு வேலைக்கான தேர்வில் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை எழுத வயது வரம்பு விடாது. சாப்பாட்டு நேரத்திலும் பில் காகிதத்தின் பின்பக்கம் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருப்பாள். வாடிக்கையாளர் ஒருவருக்குத் தீட்டாவோடு பில் போனதும் உண்டு.

முடிவு வந்தது. ஒரே ஒரு கேள்வியில் வேலை கைநழுவிப் போனது.

மறுநாள் வினாத்தாளோடு மாடி ஏறினாள். வகுப்பு முடிந்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. அழக்கூடாது என்று படியிலேயே முடிவு செய்திருந்தாள்.

"அல்ஜீப்ரா அத்தனையும் சரி சார். இது ஒண்ணுதான் போச்சு. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

ஆவுடையப்பன் வாங்கிப் பார்த்தார். மேலே ஒன்று கூட்டல் டேன் ஸ்கொயர் தீட்டா. கீழே ஒன்று கூட்டல் காட் ஸ்கொயர் தீட்டா. வகுத்தால் என்ன?

"45 போட்டீங்களா?"

"போட்டேன். ஒண்ணு வந்துச்சு. முதல் விடையே ஒண்ணு. கறுப்பாக்கிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

"ரெண்டாவது விடை?"

"டேன் ஸ்கொயர். மூணாவது காட் ஸ்கொயர்."

"அதுலயும் 45 போடுங்க."

அவள் மனசுக்குள் போட்டாள்.

"அதுவும் ஒண்ணு சார். இதுவும் ஒண்ணு."

அவர் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்தினார். பழக்கம் விடவில்லை என்று நினைத்துக்கொண்டாள் இசக்கியம்மாள்.

"இப்ப 30 போட்டுப் பாருங்க. அவசரம் இல்ல."

அவள் பலகையில் எழுதினாள். மேலே மூன்றில் நான்கு. கீழே நான்கு. மூன்றில் ஒன்று வந்தது. டேன் ஸ்கொயர் மட்டும்தான் அதோடு பொருந்தியது.

"45-ல டேனும் ஒண்ணு, காட்டும் ஒண்ணு. எது எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது. அதனால எல்லா விடையிலயும் போட்டுப் பாக்கணும். ரெண்டு ஒத்துப்போனா வேற கோணம் போடணும். இவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். அதைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல் மாசமே நான் கேட்டேன் சார். 45 எப்பவும் சரியா வருமான்னு."

கேட்டது உண்மை. அன்று அவர் ஸ்டாப்வாட்சை மேசையில் தட்டி, "அதுக்கெல்லாம் நேரம் இல்லம்மா, அடுத்த கணக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. கூச்சத்தில் கூனிக்குறுகி உட்கார்ந்த இசக்கியம்மாள் அதன்பிறகு எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வீட்டிலாவது 30 போட்டுப் பார்த்திருக்கலாம். இனி நினைத்து என்ன?

"இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

ஆவுடையப்பன் ஸ்டாப்வாட்சை நிமிர்த்தி அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு நிமிடம் ஐம்பது நொடி என்று காட்டியது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"எங்கிட்ட இல்லன்னு அன்னைக்குச் சொன்னேனே, அந்த நேரம் இவ்வளவுதாம்மா."